வலது பின்பக்க போல்ட்

அலீம் பாய்க்குக் கோபமே வராது என்று காக்கி புக்கிட்டில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் எல்லாரும் சொல்வார்கள். தப்பு. வரும். வந்தால் ரேடியோவை நிறுத்திவிட்டு வாயையும் மூடிக்கொள்வார், அவ்வளவுதான். அவருக்கும் சேர்த்து நான் கத்திவிடுவேன். எட்டு வருடமாக அந்தக் கடையில் போன் எடுப்பது, சாமான் வரவழைப்பது, வருகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் இந்த நாகம்மாதான். ஆக, கடையில் ஆட்கள் இரண்டு பேர். வாய் ஒன்று.

அப்துல் அலீமுக்கு வயது அறுபத்தொன்று. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் பிறந்தவர். கீழே அவருடைய வாப்பா பூட்டும் சாவியும் விற்றார். மகன் கடையில் உட்காருவான் என்று அவர் நினைத்திருக்க, மகன் பேருந்துப் பணிமனையில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் சக்கரத்துக்கு அடியில் படுத்துக் கிடந்தார். அப்புறம்தான் சொந்தமாக இந்த இடம். எங்களிடம் வருவது பெரும்பாலும் உயரம் கூட்டிய ஜீப்புகள். இந்த ஊரில் காடு எங்கே, மேடு எங்கே, இதற்கு எதற்கு ஜீப் என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை விடியும் முன்னால் சட்டப்படி முக்கால் டேங்க் பெட்ரோலோடு எல்லைப் பாலம் தாண்டி, ஜோகூரில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சேற்றில் புரண்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவார்கள். திங்கட்கிழமை அந்தச் சேறு முழுக்க எங்கள் தரையில் இருக்கும்.

பாய்க்கு ஒரே ஒரு பயம் உண்டு. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அவருடைய வாப்பா கடைசி ஐந்து வருடம் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மனைவி. கடைசியில் தினமும் தன்னைக் குளிப்பாட்டும் மகனைப் பார்த்து, "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்பாராம். "அதுவும் எனக்கு வந்துடும் நாகம்மா, ரத்தத்துல இருக்கு" என்று பாய் ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு ரேடியோவை நிறுத்திவிட்டார்.

அந்தப் பயத்தால் வந்ததுதான் எங்கள் கோடு. ஒரு போல்ட்டை அவர் எவ்வளவு பலத்தில் இறுக்க வேண்டுமோ அந்த அளவை ஸ்பானரில் வைத்து இறுக்குவார். அளவு வந்ததும் ஸ்பானர் 'டிக்' என்று சத்தம் போடும். உடனே, "வை" என்பார். நான் போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பேன். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு போடுவது என் வேலை, ஏனென்றால் அவர் கை எண்ணெய்க் கை. தினமும் காலையில் பிடோக்கில் என் வீட்டு வாசலில் கோலம் போடுகிற கைக்கு ஒரு கோடு பெரிய விஷயமா? வண்டியை இறக்கும் முன் டார்ச் அடித்துக் கோடுகளை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால் வண்டி இறங்கும். கோடு இருந்தால் அவர் இறுக்கியிருக்கிறார் என்று அர்த்தம். அவர் சொல்லாமல் கோடு விழாது.

ஆரம்பத்தில் நகப்பூச்சு பாட்டிலை அவரே வாங்கி, கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மனைவி சம்சுன்னிசா அக்கா ஐந்து வேளையும் தொழுகிறவர். நகப்பூச்சு இருந்தால், தொழும் முன் கைகால் கழுவுகிற ஒளுவின் தண்ணீர் நகத்தில் படாது என்று அதைத் தொடவே மாட்டார். அப்படியிருக்க, புருஷன் பையில் சிவப்பு நகப்பூச்சு. மூன்று நாள் வீட்டில் சோறு மட்டும்தான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. நாலாம் நாள் அக்கா நேராக வொர்க்‌ஷாப்புக்கு வந்து, என் விரலையும் பார்த்து, வண்டிக்கு அடியில் இருந்த கோடுகளையும் பார்த்து, சிரித்துவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து பாட்டில் வாங்குவது நான்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுவா சூ காங்கிலிருந்து ஜெய் என்று ஒருவன் வருவான். முப்பத்துமூன்று வயது, கம்ப்யூட்டர் வேலை, எதற்கும் பொறுமை கிடையாது. அவனுடைய ஜீப் ஏற்கெனவே உயர்த்தியது, அதற்கான அனுமதித் தாளெல்லாம் சரியாக இருந்தது. தாள் பார்க்காமல் பாய் வண்டியைத் தொடமாட்டார். கூடாரம், ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன் என்று ஜெய் பின்னால் அடைத்த அடையில் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. அதைத் தூக்குவதற்காகப் பின்பக்கச் சுருள் ஸ்பிரிங்குக்கு அடியில் வைக்கிற ஸ்பேசர் இரண்டை இணையத்தில் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். ஸ்பேசர் என்றால் ஒன்றுமில்லை, உள்ளங்கை அகலத்தில், இரண்டு விரல் தடிமனில், தோசைக்கல்லைச் சின்னதாகச் செய்தது போன்ற ஒரு கட்டை.

"ஒரு மணி நேர வேலைதான் அங்கிள். வீடியோல பார்த்தேன்" என்றான்.

வீடியோவில் பார்த்தானாம். எனக்கு வாய் துறுதுறுத்தது. பாய் கண்ணால் அடக்கினார்.

கட்டையை வைப்பது பெரிதல்ல, அதைக் கட்டி வைப்பதுதான் வேலை. உயர்த்திய ஜீப் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அந்த நேரம் ஸ்பிரிங் மேல் பாரம் இருக்காது, லொடலொடவென்று தளர்ந்துவிடும். கட்டையைச் சும்மா வைத்திருந்தால் அப்படியே நழுவி வெளியே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு கட்டைக்கும் அடியிலிருந்து ஒரு போல்ட் விட்டு, ஸ்பிரிங் உட்காரும் இரும்புத் தட்டோடு சேர்த்து இறுக்க வேண்டும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

காலை ஒன்பதரைக்கு வண்டியைத் தூக்கினோம். இடது பக்க ஸ்பிரிங்கை எடுத்து, கட்டையை வைத்து, ஸ்பிரிங்கைத் திரும்ப ஏற்றினால், அதன் வால் நுனி கட்டையின் பள்ளத்தில் உட்காரவில்லை. இறக்கினார். கொஞ்சம் திருப்பி ஏற்றினார். மறுபடியும் உட்காரவில்லை. இறக்கினார். மூன்றாம் தடவை ஸ்பிரிங் கை நழுவி அவர் விரல் மூட்டைச் சீவிக்கொண்டு போனது. ரேடியோ நின்றது. நான் பிளாஸ்டர் ஒட்டினேன். ஜெய் மணி பார்த்தான்.

நாலாம் தடவை உட்கார்ந்தது. "டிக்." "வை." கோடு போட்டேன். வலது பக்கம் கட்டையும் ஸ்பிரிங்கும் முதல் தடவையே உட்கார்ந்துவிட்டன. சாக் அப்சார்பரைக் கழற்றியிருந்த இரண்டு பக்கத்துப் போல்ட்டுகளையும் திரும்ப மாட்டி இறுக்கினார். அதற்கு இரண்டு கோடு. மொத்தம் மூன்று. மிச்சம் வலது பக்கக் கட்டையின் போல்ட் ஒன்றுதான். அது பாதி தூரம் போய் மாட்டிக்கொண்டது. வெளியே எடுத்துப் பார்த்தால், அதைத் திருகி ஏற்றுகிற மரை சரியாக வெட்டப்படவே இல்லை.

"ஆன்லைன்ல ஃபைவ் ஸ்டார் லா" என்றான் ஜெய்.

"அந்த ஸ்டாரை எடுத்து மாட்டு, இறுக்கிடலாம்" என்றேன் நான்.

பாய் வெயிலில் மூன்று வரிசை தள்ளியிருக்கும் ஆணிக் கடைக்கு நடந்து போய், அதே அளவில் நல்ல போல்ட் ஒன்று தேடிக்கொண்டு திரும்பும்போது பன்னிரண்டரை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு அவர் கிளம்ப வேண்டிய நேரம். இத்தனை வருடத்தில் ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை. நான் உள்ளே ஒரு டயர் கம்பெனியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் போல்ட்டைக் கையால் திருகி ஏற்றுவது தெரிந்தது. பிறகு அளவு ஸ்பானரைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தார், கை கழுவினார், தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் போனை வைத்துவிட்டு வெளியே வந்ததும் ஜெய் பிடித்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, முடிஞ்சுதா இல்லையா? காலைல அஞ்சு மணிக்கு நாங்க செகண்ட் லிங்க் பாலத்துல இருக்கணும். வைஃப் இன்னும் பேக் பண்ணல, எனக்கு கால் மேல கால் பண்றா."

நான் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். மூன்று கோடு இருந்தது. வலது பக்கப் போல்ட்டில் கோடு இல்லை. போல்ட் முழுசாக ஏறி உட்கார்ந்திருந்தது. ஸ்பானர் பெட்டிக்குள் போய்விட்டது. நான் போனில் இருந்ததால் அவர் என்னைக் கூப்பிடாமல் இறுக்கிவிட்டுத் தொழுகைக்கு ஓடியிருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். கையை வைத்துப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. பாட்டிலைத் திறந்து நாலாவது கோட்டை இழுத்தேன். நேர்க்கோடு. நன்றாக வந்திருக்கிறது என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பாய் திரும்பி வரும்போது கடை வாசலில் ஒரு டாக்சி கொதித்துப் புகை விட்டுக்கொண்டு நின்றது. டாக்சிக்காரர் ஒரு பக்கம், ஜெய் ஒரு பக்கம் கத்தினார்கள். "எல்லாம் முடிஞ்சுது பாய், இறக்கிடலாம்" என்று நானும் என் பங்குக்குக் கத்தினேன். அவர் டார்ச்சை எடுத்தார். வலது பக்கம் வந்தபோது ஒரு நொடி நின்றார். அந்த ஒரு நொடி எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பிறகு நாலு என்று எண்ணித் தலையாட்டி, வண்டியை இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஜீப் இழுவை லாரியின் மேல் வந்தது. வலது பின்பக்கம் குதிகால் போன செருப்பு மாதிரி சரிந்திருந்தது. தோட்டத்துப் பாதையில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது கட்டை நழுவி ஓடி, ஸ்பிரிங் கோணலாகி, வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டதாம். மெதுவாகப் போனதால் யாருக்கும் அடி இல்லை. ஜெய் லாரியிலிருந்து இறங்கும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான்.

"என் பொண்ணு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தா, அங்கிள். நாலு வயசு. இதே இது ஹைவேல ஆகியிருந்தா?"

பாய் டார்ச்சோடு ஜீப்புக்கு அடியில் படுத்தார். போல்ட் எப்போதோ கழன்று விழுந்திருந்தது. தட்டின் மேல் என் கோட்டின் பாதி மட்டும் சிவப்பாக இருந்தது. அவர் தட்டை விரலால் தடவினார், டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். இறுக்கிய போல்ட் என்றால் அதன் தலை தட்டின் பெயின்ட்டைக் கடித்திருக்கும், ஒரு வளையம் தெரியும். அங்கே பெயின்ட் பளபளவென்று புதுசாக இருந்தது.

"நான் இறுக்கல" என்றார் வெளியே வந்து. ஜெய்யிடம் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். "இறுக்காமலேயே 'வை'ன்னு சொல்லியிருக்கேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாய், நீங்க சொல்லல, நானாத்தான் வச்சேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜெய்யின் போன் என் முகத்துக்கு நேராக இருந்தது. அவன் பெண் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். ஊரையே வாயால் மேய்க்கிற நாகம்மா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவன் போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் போன பிறகு பாய் ஜீப்பைச் சரிசெய்ய உட்கார்ந்தார், வேலை முடியட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று மூன்று தடவை இறுக்கிப் பார்த்தார். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. பாலிகிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனதாகச் சம்சுன்னிசா அக்கா போனில் சொன்னார். ஞாபகத்தைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார்களாம், மூன்று வார்த்தை சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்களாம். பதற்றத்தில் ஒரு வார்த்தை வரவில்லையாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை வந்தார், ஆனால் வண்டி ஓட்டவில்லை, பஸ்ஸில் வந்தார். வந்த இரண்டு வேலையையும் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வரிசையாக வைத்துத் துடைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அப்புறம் நானும் சொல்ல வேண்டியிருக்கும். ஜெய்யைத் திட்டினேன். மரை வெட்டத் தெரியாத அந்தப் போல்ட்காரனைத் திட்டினேன். டயர் கம்பெனியைத் திட்டினேன். வீட்டுக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் என் மகள் கவிப்ரியாவைத் திட்டினேன். திட்டவேண்டிய ஆளைத் தவிர எல்லாரையும் திட்டியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு பாய் என் மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நாகம்மா, இந்த மாசத்தோட கடையை மூடிடறேன். உனக்கு வேற எடத்துல சொல்லி வச்சிருக்கேன், நல்ல ஆளுங்க. நீ பயப்படாதே."

"பாய்..."

"இன்னிக்கு ஒரு போல்ட். நாளைக்கு பிரேக்கை மறந்துட்டேன்னா? அந்தப் புள்ள பின்னாடி உட்கார்ந்திருந்துச்சு. எனக்கு ஞாபகமே இல்ல நாகம்மா. கையால திருகினது ஞாபகம் இருக்கு, அப்புறம் ஜும்ஆவுக்குப் போனது ஞாபகம் இருக்கு. நடுவுல 'வை'ன்னு சொன்னது எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது. வாப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"நீங்க சொல்லல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "நீங்க 'வை'ன்னு சொல்லவே இல்ல பாய். நீங்க தொழப் போயிருந்தீங்க. ஸ்பானர் பெட்டியில இருந்துச்சு. நீங்க இறுக்கிட்டீங்கன்னு நெனச்சு நானாத்தான் கோடு போட்டேன். உங்களுக்கு ஒண்ணும் மறக்கல. நான்தான்."

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஜீப் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"வந்து இறுக்கலாம்னுதான் போனேன்" என்றார் மெதுவாக. "போல்ட்டைக் கையால ஏத்தி வச்சேன். வந்து இறுக்கணும்னு நெனச்சுக்கிட்டேதான் பள்ளிவாசல்ல உட்கார்ந்திருந்தேன். வந்து பார்த்தா கோடு இருந்துச்சு. அப்ப நான் இறுக்கிட்டேன் போலன்னு..." நிறுத்தினார். "என் ஞாபகத்தை நம்பல. கோட்டை நம்பினேன்."

"மன்னிச்சுடுங்க பாய்."

"கோட்டை மட்டும் எண்ணிட்டு விட்டது என் தப்பு. கையை வச்சுப் பார்த்திருக்கணும். அதுக்கு உன்னைச் சொல்ல மாட்டேன்." அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். "திங்கக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"அங்க நான் படுத்துப் பார்த்துட்டு எந்திரிச்சேனே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

எட்டு வருடத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அழைத்தார். மணி அடிக்கும்போதே அதை என்னிடம் நீட்டினார்.

"அவகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா, என்னைத் தேத்துறதுக்குச் சொல்றேன்னு நெனப்பா."

"அக்கா, நாகம்மா பேசுறேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். டயர் கம்பெனியையும் ஜெய்யின் அவசரத்தையும் உள்ளே கொண்டுவர வாய் போனது, விட்டுவிட்டேன். நான் போட்டேன், நான் சொல்லாமல் இருந்தேன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில் அடித்தது. அக்கா அடுப்பை அணைப்பது கேட்டது.

"நெசமாவா நாகம்மா?"

"நெசமாத்தான் அக்கா. அவருக்கு ஒண்ணும் இல்ல."

அக்கா அல்ஹம்துலில்லாஹ் என்றார். இரண்டு தடவை சொன்னார். அழுகிறார் என்று தெரிந்தது. நானும் அழ ஆரம்பித்தேன், என்னை மன்னித்துவிட்டார் என்றுகூட நினைத்தேன். பிறகு அவர் குரல் மாறியது.

"புதன்கிழமை ராத்திரி அவங்க ஒரு தாளை எடுத்து, என் பேரு, புள்ளைங்க பேரு, பேரப்புள்ளைங்க பேரு எல்லாத்தையும் வரிசையா எழுதினாங்க. எழுதி மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டாங்க. மறந்தா பார்த்துக்கலாம்னு. அது உனக்குத் தெரியுமா நாகம்மா?"

"தெரியாது அக்கா."

"இப்ப தெரிஞ்சுக்க" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

அக்கா பேசியது எதிரில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும், அவருடைய போன் எப்போதும் சத்தமாகத்தான் இருக்கும். போனை வாங்கி மேசையில் வைத்தார். பர்ஸைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை உருவினார். அதைப் பிரித்து மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். பிறகு கிழித்து என் காலடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் எழுந்து ஜும்ஆவுக்குக் கை கழுவப் போனார்.